ஆங்கிலத்தில் எழுதியது வேறு விதமாகப் புரியப்பட்டால் எங்கே தேடுவது: அறிகுறி பார்த்துத் திருத்தும் முறை

தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கோ, வங்கிக்கோ, கொழும்பில் இருக்கும் கம்பெனிக்கோ நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதும் கடிதம் வேறு அர்த்தத்தில் போய்ச் சேர்வதை அடிக்கடி பார்க்கிறேன். எழுத்துப் பிழை இருக்காது. இலக்கணமும் ஓரளவு சரியாகவே இருக்கும். ஒன்றுபோலத் தெரியும் இரண்டு சொற்களில் வேண்டாத சொல் உள்ளே போயிருக்கும். கோளாறு அந்த ஒரு இடத்தில்தான்.

1987இல் வந்த, இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. ஆகவே அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுத நமக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை யாருக்காகவும் விட்டுவிடாதீர்கள். ஆனால் வேலை விண்ணப்பம், ஹோட்டல், கடன் படிவம், வெளிநாட்டு ஏஜென்சி என்று வரும்போது ஆங்கிலம் இல்லாமல் காரியம் நகர்வதில்லை. அங்கே ஒரு சொல் மாறினால் காசும் கையெழுத்தும் வேலையும் சிக்கலாகும்.

உங்களுக்கு நடந்தது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் ஒரே ஒரு விஷயம், எல்லாத் தலைப்புக்கும் பொதுவானது. இந்தப் பிழைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் தொடங்குவதில்லை. நாம் மனதில் சொல்லிக்கொள்ளும் தமிழ் வசனத்தில் தொடங்குகின்றன. ஒரு தமிழ்ச் சொல் மூன்று வேலை பார்க்கும்; பேச்சில் ஆளும் இடமும் தெரிவதால் குழப்பம் வராது. அதே சொல்லை அகராதியில் தேடினால் இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்கள் வரிசையாகக் கிடக்கும், எது எப்போது என்று அங்கே இருக்காது. கைக்கு வந்ததை எடுத்துப் போட்டுவிடுகிறோம். அதனால் அகராதியைத் திறக்கும் முன், தமிழ் வசனத்தையே இன்னொரு விதமாக, கொஞ்சம் விரித்துச் சொல்லிப் பாருங்கள். பாதிக் கோளாறு அங்கேயே பிடிபடும்.

அறிகுறி: கடன் கேட்டேன், நான் கொடுக்கப் போவதாக நினைத்துவிட்டார்கள்

பொரோ, லெண்ட் என்ற இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. "கேன் யூ பொரோ மீ யுவர் புக்" என்று நம் வகுப்புகளில் கேட்காத நாள் இல்லை. பொரோ என்றால் கடன் என்று மனப்பாடம் செய்ததன் விளைவு இது.

தமிழ் வசனத்தை எழுதுங்கள். அதில் "கடன்" என்ற சொல்லை விரலால் மறைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள். "வாங்கு" மிஞ்சினால் பொரோ. "கொடு" மிஞ்சினால் லெண்ட். "உங்க புத்தகத்தைக் கொஞ்சம் குடுங்க" என்று கேட்டால் கொடுப்பவர் எதிரில் நிற்பவர். எனவே "லெண்ட் மீ". "உங்க புத்தகத்தை வாங்கிக்கிட்டுப் போகவா?" என்று கேட்டால் வாங்குவது நான்; எனவே "மே ஐ பொரோ". ஒரே உதவியைத்தான் கேட்கிறோம், ஆனால் வசனத்தின் எழுவாய் மாறுகிறது. பொரோவோடு ஃப்ரம் வரும், லெண்டோடு டு வரும். "இடமிருந்து", "க்கு" என்ற நம் உருபுகளே அவை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. நம்மிடம் இரவல், கைமாற்று, கடன் என்று மூன்று இருக்கின்றன. குடையோ, புத்தகமோ, கவ்வாத்துக் கத்தியோ வாங்கினால் இரவல். அதே பொருள் திரும்ப வேண்டும். சம்பள நாள் வரைக்கும் பக்கத்து வீட்டுக் காம்பராவில் வாங்கும் ஆயிரம் ரூபா கைமாற்று. அதற்கு வட்டி இல்லை. வங்கியில் வாங்குவது கடன். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் பொரோ ஒன்றுதான். ஆகவே ஆங்கிலத்தில் எழுதும்போது என்றைக்குத் திருப்புவேன், வட்டி உண்டா என்பதைத் தனி வசனமாக எழுதியே ஆக வேண்டும். தமிழில் "கைமாற்றா" என்ற ஒரு சொல் சொல்லிவிடுவதை பொரோ சொல்லாது. காசு கொடுத்துச் சில நாளைக்கு எடுப்பது என்றால் பொரோ அறவே பொருந்தாது. அது ரென்ட் அல்லது ஹயர்.

அறிகுறி: வேறொருவர் எடுத்த கடனுக்கு என் பெயரில் கடிதம் வந்திருக்கிறது

இதைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பட்டியலில் குடும்பத்தையே உலுக்கக்கூடியது இதுதான்.

தோட்டங்களில் பெண்களுக்கு நுண்கடன் கொடுக்கும்போது பலரைக் குழுவாகச் சேர்த்து ஒருவருக்கு ஒருவர் பொறுப்பாக நிறுத்துவது வழக்கம். கடன் எடுக்கிறவர் பக்கத்து வீட்டுக்காரி. மாலை ஆறு மணி, மலையில் இருந்து இறங்கி வந்த களைப்பு, அடுப்பில் உலை. இஸ்தோப்பில் நின்றபடி ஒருவர் தாளை நீட்டுகிறார்:

"இங்க ஒரு கையெழுத்து போடுங்கக்கா. சும்மா சாட்சிக்குத்தான்."

"எனக்கு ஒண்ணும் வராதுங்களே தம்பி?"

"ஒண்ணும் வராதுக்கா."

அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் ஆங்கிலச் சொல் எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விட்னஸ் என்று இருந்தால் அவர் சாட்சி: "என் முன்னால் இன்னார் கையெழுத்துப் போட்டார்" என்பதற்கு மேல் அவருக்குப் பொறுப்பில்லை. கேரண்டர் என்றோ ஷூரிட்டி என்றோ இருந்தால் அவர் பிணையாளி: கடன் எடுத்தவர் கட்டாவிட்டால் அவர் கட்ட வேண்டும். பொரோவர் என்ற இடத்தில் போட்டுவிட்டால் கடனாளியே அவர்தான். லெண்டர் என்பது கடன் கொடுக்கும் நிறுவனம்; அந்தக் கட்டத்தில் நாம் கை வைக்க வேண்டியதே இல்லை. சில படிவங்களில் கோ-பொரோவர் என்று ஒரு கட்டம் இருக்கும். கூட்டாகக் கடன் வாங்கியவர் என்று அதற்கு அர்த்தம். கணவன் எடுக்கும் கடனில் மனைவியை அங்கே போடச் சொல்வார்கள். அங்கே கையெழுத்துப் போட்டால் முழுக் கடனும் இருவர் தலையிலும் இருக்கிறது.

இங்கே பரிசோதனை எளிது. கையெழுத்துக் கோட்டுக்குக் கீழே உள்ள சொல்லை எழுத்துத் தெளிவாகத் தெரியும்படி கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு தாளை நீட்டுகிறவரிடம் தமிழில் ஒரே கேள்வி கேளுங்கள்: "அவ கட்டாட்டி நான் கட்டணுமா?" ஆம் என்றால் அது சாட்சிக் கையெழுத்து இல்லை. பதில் சுற்றி வளைத்து வந்தாலும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே போட வேண்டிய அவசரம் எந்தக் கையெழுத்துக்கும் கிடையாது. பிள்ளையோ டீச்சரோ வாசித்துச் சொல்லும் வரை தாளைத் திருப்பிக் கொடுத்து அனுப்பலாம்.

செக்யூரிட்டி என்ற சொல்லும் இந்தப் படிவங்களில் வரும். அங்கே அதற்கு அர்த்தம் காவல் இல்லை. ஈடாக வைக்கும் நகை, காணி, வாகனம் போன்றவை. பொரோ என்ற சொல்லின் வேரைத் தேடிப் போனாலும் பழைய ஆங்கிலத்தில் ஈடு, பிணை என்ற பொருளில்தான் போய் நிற்கிறது. ஈடு இல்லாமல் கடன் இல்லை என்பது அந்தச் சொல் பிறந்த நாளிலேயே அதற்குள் இருந்திருக்கிறது. படிவத்தைப் பார்க்கும்போது எனக்கு அது ஞாபகம் வரும்.

அறிகுறி: சம்பளம் எழுதிய கட்டத்தைச் சுழித்து, படிவத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள்

சம்பளம் என்ற நம் சொல் சேலரிக்கும் பொருந்தும், வேஜஸுக்கும் பொருந்தும். பிழை இங்கிருந்துதான் கிளம்புகிறது.

மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையாக வருவது சேலரி. ஆபீஸ் கிளார்க், கணக்கப்பிள்ளை, டீச்சர் போன்றவர்களுக்கு அதுதான். செய்த நாளுக்கு, அல்லது பறித்த கிலோவுக்குக் கணக்குப் பார்த்து வருவது வேஜஸ். செக்ரோலில், அதாவது வேலை நாள் பதிவேட்டில், அன்றைக்குப் பேர் விழுந்தால்தான் காசு, அரைப்பேர் விழுந்தால் பாதிக் காசு என்றால் அது வேஜஸ். நாட்சம்பளத்தைத் தீர்மானிக்கும் சபைக்கே ஆங்கிலத்தில் வேஜஸ் போர்ட் என்றுதான் பெயர். அதற்கான கட்டளைச் சட்டம் 1941ஆம் ஆண்டினது.

எதற்கு இத்தனை நுணுக்கம் என்று தோன்றலாம். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 1000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அந்த ஆண்டில் ஒரு மாதம் 25 பேர் விழுந்த அம்மாவுக்கு 25,000 ரூபா; மழையும் கொழுந்துக் குறைவும் சேர்ந்து 14 பேர் மட்டும் விழுந்த மாதத்தில் 14,000. இரண்டும் அதே நாட்சம்பளம்தான். "மந்த்லி சேலரி 25,000" என்று மகன் எழுதிக் கொடுக்கிறான். இணைத்த சம்பளச் சீட்டில் 14,000 இருக்கிறது. வாசிக்கிற அதிகாரிக்கு அது பொய்யாகத்தான் தெரியும். "டெய்லி வேஜஸ் 1000" என்று எழுதி, சில மாதச் சீட்டுகளைச் சேர்த்துக் கொடுத்திருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

அதே கட்டத்துக்குப் பக்கத்தில் கிராஸ், நெட் என்ற இரண்டு இருக்கும். கிராஸ் என்பது பிடிப்புகளுக்கு முந்திய தொகை. நெட் என்பது கைக்கு வந்தது. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் உழைப்பிலிருந்து 8 வீதம் பிடிப்பார்கள். அது கிராஸில் இருக்கும், நெட்டில் இருக்காது. கம்பெனி தன் பங்காகப் போடும் 12 வீதம் இரண்டிலும் சேராது. கடன் கொடுக்கிறவர் நெட்டைக் கேட்டால் நெட்டையே எழுதுங்கள். கூட்டி எழுதினால் தவணையும் அந்தக் கூட்டிய தொகைக்கு ஏற்பத்தான் வரும், கட்டுவது நீங்கள்.

தீபாவளி நேரத்தில் இன்னொரு இணை தலை காட்டும். தோட்டத்தில் கொடுப்பது அட்வான்ஸ், அதாவது முற்பணம். பண்டிகை முடிந்ததும் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்வார்கள். அலவன்ஸ் என்பது கொடுப்பனவு, அதைக் கழிக்கமாட்டார்கள். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். சங்கத்தின் சார்பில் கடிதம் எழுதும் இளைஞர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். அலவன்ஸ் கேட்க வேண்டிய இடத்தில் அட்வான்ஸ் என்று எழுதினால், நம் கோரிக்கையை நாமே கடனாக மாற்றிக் கொடுத்ததாகிவிடும். பரிசோதனை: "பின்னாடி வெட்டுவாங்களா?" வெட்டினால் அட்வான்ஸ்.

அறிகுறி: விடைபெற்றுப் போனேன், விருந்தினர் எனக்காகக் காத்திருந்தார்

எல்ல, நுவரெலியா, ஹப்புத்தளைப் பக்கம் விருந்தினர் விடுதிகளில் வேலை பார்க்கும் தம்பி தங்கச்சிகளுக்கு இது.

"போறேன்" என்று சொல்லிக் கிளம்புவது நம் வீடுகளில் அபசகுனம். "போயிட்டு வாறேன்" என்போம், "வாறேன்" என்றே முடித்துவிடுவோம். அந்த "வாறேன்" அப்படியே "ஐம் கமிங்" ஆகிறது. வெளிநாட்டுக்காரர் காதில் அது "இதோ வந்துகொண்டிருக்கிறேன்" என்றுதான் விழும். தேநீரை ஆறவிட்டுக் காத்திருப்பார். "ஐ வில் கோ அண்ட் கம்" என்பதை இலங்கையில் சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லோரும் சொல்கிறோம், நமக்குள் அது அழகாகப் புரிகிறது. நமக்குள் அப்படியே பேசலாம், அதில் பிழையே இல்லை. வெளியாரிடம் மட்டும், இன்றைக்கே திரும்புவீர்கள் என்றால் "ஐ வில் பி பேக்" என்று சொல்லி எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லுங்கள்; வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் "சீ யூ டுமாரோ".

மற்ற இடங்களில் வா, போ இரண்டும் கம், கோவோடு நன்றாகவே ஒத்துப்போகும். "உங்க வீட்டுக்கு வாறேன்" என்று கேட்கிறவர் இருக்கும் இடத்தை நோக்கி நாம் சொல்வதுபோல அவர்களும் கம் என்றே சொல்வார்கள். அங்கே பயப்படத் தேவையில்லை. கொண்டு வா என்றால் பிரிங், கொண்டு போ என்றால் டேக் என்பதும் அதே கணக்கு.

முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர்களுக்கு வருவது வேறொரு சிக்கல். "நானுஓயால இருந்து உங்களை எடுக்கிறேன்" என்று தமிழில் நினைத்து "ஐ வில் டேக் யூ, நானுஓயா ஸ்டேஷன், டென் ஓ கிளாக்" என்று செய்தி அனுப்புகிறார்கள். ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அது வாசிக்கப்படும். அவர் நுவரெலியாவில் பெட்டியோடு ஹோட்டல் வாசலில் நிற்பார், வண்டி நானுஓயாவில் நிற்கும். கூட்டிக்கொண்டு போய் விடுவது "டேக் யூ டு". அங்கே நின்று ஏற்றிக்கொள்வது "பிக் யூ அப் ஃப்ரம்". அனுப்பும் முன் "எங்கே ஏறுவார், எங்கே இறங்குவார்" என்று தமிழில் இரண்டு இடத்தையும் சொல்லிப் பார்த்து, இரண்டையும் செய்தியில் எழுதிவிடுங்கள்.

அறிகுறி: கேட்டேன், பார்த்தேன், படித்தேன் என்று எழுதினால் எப்போதும் சிவப்புக் கோடு விழுகிறது

தொடக்கத்தில் சொன்ன வழி, தமிழை விரித்துப் பார்ப்பது, இங்கே மிக அழகாக வேலை செய்யும். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். ஏனென்றால் ஆங்கிலம் பிரித்து வைத்திருக்கும் நுணுக்கம் முழுவதும் நம் பேச்சுத் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. "கேள்", "பார்" என்ற சுருக்கத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

கேட்டேன் என்று எழுதும் முன் நிறுத்துங்கள். காதில் விழுந்ததா? ஹியர். காது கொடுத்தேனா? லிசன். வாய் திறந்து வினவினேனா? ஆஸ்க். ஸ்டோரில் சங்கு ஊதும் சத்தம் காதில் விழுகிறது. நீங்கள் முயற்சி செய்யவில்லை, எனவே ஹியர். அப்பா சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை என்றால் லிசன். "உங்க அப்பா கூப்பிட்டது கேட்கலையா?" என்றால் ஹியர்; "அப்பா சொல்றதைக் கேட்கமாட்டியா?" என்றால் லிசன். இரண்டையும் மாற்றிப் போட்டால் சொல்பேச்சுக் கேளாத பிள்ளை காது கேளாத பிள்ளையாகிவிடும்.

பார்த்தேன் என்பதும் அப்படியே. கண்ணில் பட்டது ஸீ. கண்ணைத் திருப்பி நோக்கியது லுக் அட். நடப்பதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது வாட்ச். சிவனொளிபாத மலையின் உச்சி மஸ்கெலியாவில் இருந்து கண்ணில் படும், அது ஸீ. உச்சியில் நின்று சூரியன் எழும் வரை பார்த்துக்கொண்டிருந்தால் வாட்ச். சந்தித்தேன் என்ற பொருளில் "டொக்டரைப் பார்த்தேன்" என்றால் மறுபடியும் ஸீ. "பிள்ளையைப் பார்த்துக்க" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுப் போனால் லுக் ஆஃப்டர். லுக் அட் என்று எழுதினால் அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்று ஆகும்.

படி என்பதில் இளைஞர்கள் தடுக்கும் இடம் சுயவிவரம். "நான் ஹட்டனில் படித்தேன்" என்பதை ரீட் என்று எழுதுகிறார்கள். எழுத்தில் கண் ஓடினால் ரீட். பாடமாகப் பயின்றால் ஸ்டடி. பயின்றது கைக்குப் பழகிவிட்டால் லேர்ன். இரண்டு வருடம் ஸ்டடி செய்தும் ஒன்றும் லேர்ன் செய்யாமல் இருக்க முடியும். கணினி வகுப்புக்குப் போனேன் என்பதற்கும் கணினி கற்றுக்கொண்டேன் என்பதற்கும் உள்ள தூரம் அது. சுயவிவரத்தில் எதைச் செய்தீர்களோ அந்தச் சொல்லைப் போடுங்கள். நேர்முகத்தில் கணினி முன் உட்கார வைப்பார்கள்.

அறிகுறி: சொன்ன திகதிக்குக் கொடுத்தும் "தாமதம்" என்கிறார்கள், அல்லது திகதியே புரியவில்லை என்கிறார்கள்

அண்டில், பை. இங்கே தமிழ் தெளிவாகப் பிரித்தே வைத்திருக்கிறது, நாம்தான் அதைப் பயன்படுத்துவதில்லை. வெள்ளிக்கிழமை வரை என்றால் அண்டில். வெள்ளிக்கிழமைக்குள் என்றால் பை. "விண்ணப்பத்தை வெள்ளி வரை அனுப்புவேன்" என்று தமிழில் சொன்னால் தினமும் ஒன்று அனுப்புவதுபோலக் காதுக்கே இடிக்கும். அண்டில் போட்ட ஆங்கில வசனமும் அதேபோலத்தான் இடிக்கிறது. "ஆபீஸ் நாலரை வரை திறந்திருக்கும்" அண்டில். "நாலரைக்குள் வந்துவிடு" பை.

அறிகுறி: லயத்துக்குப் பாதுகாப்புக் கேட்டு எழுதினோம், காவல் ஆள் வேண்டுமா என்று கேட்டார்கள்

பாதுகாப்பு என்ற சொல்லுக்குள் சேஃப்டி, செக்யூரிட்டி இரண்டும் அடங்கும். திருடன், கைகலப்பு, அத்துமீறி நுழைவோர் என்று மனிதர் கெட்ட எண்ணத்தோடு செய்வதில் இருந்து காப்பது செக்யூரிட்டி. விபத்து, நெருப்பு, மண்சரிவு, இயந்திரம் போன்றவற்றில் இருந்து காப்பது சேஃப்டி. யார் மீதும் குற்றம் இல்லாமலே ஆபத்து வரக்கூடும் என்றால் சேஃப்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

மலைச்சரிவுக்குக் கீழே லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள், இருக்கிறது, மேலே வெடிப்பு தெரிகிறது, ஊற்று இடம் மாறியிருக்கிறது. இதை எழுதும்போது "செக்யூரிட்டி" என்று போட்டால் கடிதம் தவறான மேசைக்குப் போகும், நாட்கள் போகும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தில் நாகரிகமான பொதுச் சொற்களை நம்பாதீர்கள். சேஃப்டி என்பதோடு நின்றுவிடாமல், லேண்ட்ஸ்லைட் என்ற சொல்லை முதல் வரியிலேயே போடுங்கள். வெடிப்பின் நீளம், தோட்டத்தில் எந்தக் கணக்கு (பிரிவு), எந்த லயம், எத்தனை குடும்பம், என்றைக்குப் பார்த்தது என்று எழுதுங்கள். மண்சரிவு அபாயத்தை ஆராய்ந்து எச்சரிக்கை விடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். பிரதேச செயலகத்துக்கு எழுதும் கடிதத்தில் அவர்களை வந்து பார்க்கச் சொல்லி நேரடியாகக் கேட்கலாம். தமிழிலேயே எழுதலாம், எழுதுவதுதான் நல்லது. ஆங்கிலப் பிரதி தோட்ட நிர்வாகத்துக்குப் போகட்டும்.

அந்த நிறுவனத்தின் எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையில் வரும். மஞ்சளில் வரும் வாட்ச் என்ற ஆங்கிலச் சொல்லை வேடிக்கை பார்ப்பது என்று எடுத்துவிடக் கூடாது. விழித்திரு, கவனித்துக்கொண்டிரு என்று அர்த்தம். சிவப்பில் வருவது இவாக்குவேட்: இடத்தை விட்டு உடனே வெளியேறு. அந்தச் சொல் கைபேசிக்கு வந்தால் அகராதி தேடிக்கொண்டிருக்க வேண்டாம், பிள்ளைகளோடு கிளம்புங்கள்.

அறிகுறி: நேர்முகத்தில் நல்லதாகச் சொன்னேன், முகம் மாறிவிட்டது

ஹார்ட் என்ற சொல்லோடு "லி" சேர்த்தால் "கடுமையாக" என்று வரும் என நினைத்து "ஐ வேர்க் ஹார்ட்லி" என்கிறார்கள். ஹார்ட்லி என்றால் அரிதாக, இல்லை என்றே சொல்லும் அளவுக்கு. வேலையே செய்யமாட்டேன் என்று சொன்னதாக ஆகிறது. ஹார்ட் என்பதற்கு வால் தேவையில்லை. "ஐ வேர்க் ஹார்ட்" அவ்வளவுதான். லேட், லேட்லி இரண்டும் இதே குடும்பம்: லேட்லி என்றால் அண்மைக்காலமாக, தாமதமாக என்று இல்லை.

"ஐ ஆம் போரிங்" என்றால் நான் அலுப்பூட்டுகிறவன். அலுப்பாக இருக்கிறது என்பதற்கு போர்ட். இங் வந்தால் அந்தக் குணம் கொடுக்கிறவருக்கு, டி வந்தால் வாங்குகிறவருக்கு. எக்ஸைட்டிங், எக்ஸைட்டட், இன்டரஸ்டிங், இன்டரஸ்டட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ரிமெம்பர், ரிமைண்ட்: நானே ஞாபகம் வைத்திருந்தால் ரிமெம்பர், இன்னொருவர் ஞாபகப்படுத்தினால் ரிமைண்ட். "ப்ளீஸ் ரிமெம்பர் மீ" என்று அதிகாரிக்கு எழுதினால், காலமான பிறகும் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்பதுபோல ஒலிக்கும். "ரிமெம்பர் மீ டு யுவர் மதர்" என்று அவர்கள் எழுதினால் குழம்ப வேண்டாம். "அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்க" என்று நாம் சொல்லும் அதே அன்புதான் அது.

அறிகுறி: எல்லாம் பார்த்தாயிற்று, இரண்டு சொல்லுமே சரிபோலத் தெரிகிறது

முதலில் தமிழ்-ஆங்கில அகராதியை மூடிவிட்டு, மாணவருக்கான ஆங்கில-ஆங்கில அகராதியில் இரண்டு சொல்லையும் தனித்தனியாகப் பாருங்கள். விளக்கத்தை விட உதாரண வசனங்கள் உதவும். சொல்லுக்கு முன்னும் பின்னும் என்ன நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். சே, டெல் இரண்டும் "சொல்" என்ற விளக்கத்தில் ஒன்றாகத்தான் தெரியும். உதாரணங்களைப் பார்த்தால் டெல்லுக்குப் பின்னால் உடனே ஆள் நிற்பதும், சேக்குப் பின்னால் ஆள் நிற்க டு தேவைப்படுவதும் தெரியும்.

அப்படியும் பிடிபடவில்லை என்றால், தபால் பெட்டி வரை போன கடிதமாக இருந்தாலும் திருப்பி எடுத்து, இரண்டு சொல்லையும் விட்டுவிட்டு எழுதுங்கள். பொரோவா லெண்டா என்று தெரியவில்லையா? "தயவுசெய்து எனக்கு 5000 ரூபா கொடுங்கள், அடுத்த மாதம் 10ஆம் திகதி திருப்பித் தருவேன்" என்பதை கிவ், ரிட்டர்ன் என்ற இரண்டு சின்னச் சொற்களால் எழுதலாம். சேலரியா வேஜஸா? "ஒரு நாளைக்கு இவ்வளவு ரூபா, கடந்த மாதம் 18 நாள் வேலை செய்தேன்" என்று எழுதினால் போதும். வாசிக்கிறவருக்கு வேண்டியது அந்தக் கணக்குத்தான்.